மச்சான் பிடித்த கயிறு: கடலுக்கு அடியில் ஒரு மணி நேரத்தின் கதை

(ஒலி வடிவில் வந்த அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் பார்க்க ரொம்பச் சின்னதா தெரியும். ஒரு கடற்கரை, ரெண்டு நண்பர்கள், ஆளுக்கு முதுகுல ஒரு சிலிண்டர். படகு கிடையாது. இடுப்பளவு தண்ணி வரைக்கும் நடந்து போய், காலில் துடுப்பு மாட்டி, அப்படியே தலையை உள்ளே இழுத்துக்கறாங்க. ஆறு, எட்டு, பத்து மீட்டர் ஆழத்துல பாறை ஓரமா மெதுவா நீந்தி, மீன் பார்த்து, ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்துட்டு, போன வழியே கரைக்கு வர்றாங்க. ஸ்கூபா டைவிங்ல இதுதான் ரொம்ப எளிமையான வகை. உலகத்துல பல கடற்கரைகள்ல இது சாதாரண ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

ஆனா எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால இது சாதாரண மனுஷனுக்கு வாய்க்கிற காரியம் இல்லை. இந்த ஒரு மணி நேரம் நம்ம கைக்கு வந்த கதையைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். வழக்கமா இதை ஒரு கருவியின் கதையா சொல்வாங்க. யார் கண்டுபிடிச்சது, எந்த வருஷம், அவ்வளவுதான். நான் இதை ஒரு கயிற்றின் கதையா சொல்ல ஆசைப்படறேன். மனுஷன் கடலுக்குள்ள போறப்ப அவனை மேலே இருக்கிறவங்களோட கட்டி வச்சிருந்த கயிறு. அது எப்போ அறுந்தது, அறுந்த பிறகு அந்த இடத்துல என்ன வந்தது? அதுதான் கேள்வி.

கயிறு இருந்த காலம்

மன்னார் வளைகுடாவிலிருந்து ஆரம்பிக்கலாம். நம்ம பக்கத்துலயும் இலங்கைப் பக்கத்துலயும் முத்துக்குளிப்பு எப்படி நடந்ததுன்னு காலனிய அரசாங்கக் குறிப்புகள்ல விரிவா இருக்கு. குளிப்பவர் ஒரு கனமான கல்லில் காலை வைத்துக்கொண்டு இறங்குவார். கல்லில் ஒரு கயிறு, சிப்பி அள்ளும் கூடையில் இன்னொரு கயிறு. அவர் அடித்தரையைத் தொட்டதும், மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் போல, கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிப் போடுவார். பிறகு கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு கல்லுக்கு இரண்டு பேர், மாறி மாறிக் குளிப்பார்கள்.

மேலே கயிறு பிடிக்கிறவர் யார்? தென்கடற்கரையில் இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, நீங்களும் கேட்டிருப்பீங்க. கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவாங்க, அதாவது மனைவியோட கூடப்பிறந்தவனை. பங்காளி கையில் கயிறு இருந்தால் சொத்து ஞாபகம் வரலாம். மச்சான் கையில் இருந்தால், தங்கச்சி தாலிதான் ஞாபகம் வரும். எல்லாப் படகிலும் இப்படித்தான் நடந்ததான்னு கேட்டா, அது வேற விஷயம். இந்தப் பேச்சுக்குள்ள ஒரு ஆழமான அறிவு இருக்கு. தண்ணிக்குள்ள இருப்பவனின் உயிர் அவன் திறமையில் மட்டும் இல்லை. மேலே ஒருத்தன் கவனம் சிதறாம நிற்கணும், அவனுக்கு நம்ம உயிர் மேல ஏதோ ஒரு பற்று இருக்கணும். ‘மச்சான்’ங்கிற சொல் பின்னாடி ‘நண்பன்’ங்கிற பொருளுக்கும் வந்தது பாருங்க. அதை மனசுல வச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

ஐரோப்பாவிலும் நிலைமை இதேதான். 19ஆம் நூற்றாண்டில் செம்புத் தலைக்கவசம், ஈயக் காலணி, ரப்பர் துணி உடுப்பு என்று ஒரு கருவி வந்தது. மேலே படகில் பம்பு அடிப்பார்கள், குழாய் வழியாகக் காற்று கீழே போகும். அதிலும் ஒரு உயிர்க்கயிறு உண்டு. அதைப் பிடிக்க ஒரு ஆள் உண்டு. மூச்சின் நீளம் கூடியது, கயிறு அப்படியே இருந்தது.

கதையில் முதலில் அறுந்த கயிறு

அறுக்கும் முயற்சி ஒரு சுரங்கத்திலிருந்து வந்தது. பெனுவா ருக்கேரோல் பிரான்சின் ஒரு சுரங்கப் பொறியாளர். விஷவாயு நிறைந்த சுரங்கத்துக்குள் போய் ஆட்களை மீட்க வேண்டும். அதற்காக ஒரு கருவி செய்தார். மூச்சு இழுக்கும்போது மட்டும், தேவையான அளவு மட்டும், காற்று வரும். 1860களில் ஒகுஸ்த் தெனைரூஸ் என்ற கடற்படை அதிகாரியோடு சேர்ந்து இதைத் தண்ணீருக்குள்ளும் பயன்படுத்தினார். முதுகில் ஒரு காற்றுப் பெட்டி. குறை என்னவென்றால், அந்தக் காலத்து இரும்புப் பெட்டியில் காற்றை அதிக அழுத்தத்தில் அடைக்க முடியாது. குழாயைக் கழற்றிவிட்டால் சில நிமிடம்தான் தாங்கும்.

நிஜத்தில் முடியாததைக் கதையில் ஜூல் வெர்ன் செய்துவிட்டார். 1870இல் வந்த ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்’ நாவலில் கேப்டன் நீமோ தன் உடுப்பைப் பற்றி விளக்கும்போது, இந்த ருக்கேரோல், தெனைரூஸ் பெயர்களையே சொல்கிறார். அவர் அதை மேம்படுத்தியதால் மணிக்கணக்கில் கீழே நடமாட முடிகிறதாம்.

இதே நாவலில் நமக்கு நெருக்கமான ஒரு இடம் வருது. நீமோ தன் விருந்தாளிகளை எங்கே கூட்டிக்கிட்டுப் போறார் தெரியுமா? மன்னார் வளைகுடா முத்துப் படுகைக்கு. அங்கே ஒரு ஏழை இந்தியர், முத்துக்குளிப்புக் காலம் தொடங்கும் முன்னாலேயே, தனியா வந்து கல்லைக் காலில் பிடிச்சு இறங்கிக்கிட்டிருக்கார். சுறா வருது. மேலே படகுல கயிறு பிடிக்க ஆள் இல்லை. கீழே இருந்த நீமோவும், திமிங்கில வேட்டைக்காரன் நெட் லேண்டும்தான் அவரைக் காப்பாத்தறாங்க. வெர்ன் இதை யோசிச்சு எழுதினாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா மேலே ஆள் இல்லாதப்போ, பக்கத்துல ஆள் இருந்தாலும் பிழைக்கலாம்ங்கிறது அந்தக் காட்சியில அப்படியே இருக்கு.

பந்தோல், ஜூன் 1943

நிஜத்தில் கயிறு அறுந்தது இரண்டாம் உலகப் போரின் நடுவில். பிரான்ஸ் ஆக்கிரமிப்பில் இருக்கிறது. பெட்ரோல் கிடைக்காது, கார்களை எரிவாயுவில் ஓட்டுகிறார்கள். பாரிசில் ஏர் லிக்கிட் நிறுவனத்தில் வேலை பார்த்த எமீல் கான்யான் என்ற பொறியாளர், கார் என்ஜினுக்குத் தேவையான அளவு வாயுவை மட்டும் விடும் ஒரு சின்ன வால்வு செய்திருந்தார். 1942 கடைசியில் அவரைப் பார்க்க ஒரு கடற்படை அதிகாரி வந்தார். பெயர் ஜாக் கூஸ்தோ. அவருடைய மாமனார் அதே நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். கூஸ்தோ கேட்டது: தண்ணீருக்குள் மூச்சு இழுத்தால் மட்டும் காற்று தரும் ஒரு கருவி.

முதல் மாதிரியை மார்ன் ஆற்றில் பரிசோதித்தார்கள். நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழாகப் போனால் வரவே இல்லை. உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் வேறு வேறு உயரத்தில் இருந்ததால், தண்ணீரின் அழுத்தமும் இரண்டு இடத்திலும் வேறாக இருந்தது. இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்ததும் பிரச்சினை தீர்ந்தது.

ஜூன் 1943இல் ரயிலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. இடம் பந்தோல், பிரான்சின் மத்தியதரைக் கடற்கரை. கூஸ்தோ கருவியை மாட்டிக்கொண்டு கரையிலிருந்து தண்ணீருக்குள் நடந்தார். ஆமாம், உலகப் புகழ்பெற்ற அந்த முதல் டைவும் கரையிலிருந்துதான் நடந்தது, படகிலிருந்து இல்லை.

பலரும் சொல்லாம விடற பகுதி இனிமேதான். அந்த நாள் கூஸ்தோ தனியா இல்லை. மனைவி சிமோன், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கிட்டு, தலைக்கு நேர் மேலே நீந்திக்கிட்டே கீழே அவரைப் பார்த்துக்கிட்டிருந்தார். நண்பர் ஃப்ரெடெரிக் தூமா கரையில், கூப்பிட்டா உடனே பாய்ந்து இறங்கத் தயாரா உட்கார்ந்திருந்தார். இன்னொரு நண்பர் பிலிப் தாய்யே. அதற்குச் சில வருஷம் முன்னால் கார் விபத்தில் கை உடைஞ்சிருந்த கூஸ்தோவை, கடலில் நீந்தச் சொல்லி இழுத்துக்கிட்டு வந்தவரே இவர்தான். கூஸ்தோ பதினெட்டு மீட்டர் வரை போனார். ஒரு குகையின் கூரையில் பாறை இறால்கள் தொங்கிக்கிட்டிருந்தன. போர்க்காலம், சாப்பாட்டுக்குப் பஞ்சம். ஒவ்வொண்ணாப் பிடிச்சு மேலே கொண்டு வந்து சிமோன் கையில் கொடுத்தார்.

கயிறு இல்லாம ஒரு மனுஷன் மீன் மாதிரி திரும்பிப் புரள முடியும்னு அன்னைக்கு நிரூபணம் ஆச்சு. அதே அன்னைக்கு, கயிறு செய்த வேலையை மூணு மனுஷங்க கண்ணாலயே செய்தாங்க. அந்த ரெண்டாவது விஷயத்தை உலகம் கத்துக்கிறதுக்கு இன்னும் பல வருஷமும் சில உயிர்களும் ஆனது.

காப்பாற்றிய கயிறு, காப்பாற்றாத கயிறு

போர் முடிந்தது. இந்த நண்பர்கள் தூலோனில் கடற்படையின் நீரடி ஆராய்ச்சிக் குழுவாக ஆனார்கள். அதில் மோரிஸ் ஃபார்க் என்று ஒருவர் உண்டு. இவருடைய கதை இரண்டு கயிறுகளின் கதை.

முதல் கயிறு, ஆகஸ்ட் 1946. வொக்லூஸ் என்ற ஊரில் பாறைக்குள்ளிருந்து ஒரு பெரிய ஊற்று வருகிறது. அதன் அடி எங்கே என்று பார்க்க கூஸ்தோவும் தூமாவும் இறங்கினார்கள். இருட்டுக் குகை. இருவரையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. இன்னொரு கயிறு மேலே போனது, அதைப் பிடித்திருந்தவர் ஃபார்க். கீழே இருவருக்கும் தலை சுற்றியது, புத்தி மங்கியது, யார் எங்கே இருக்கிறார் என்பதே குழம்பியது. கயிற்றில் கொடுத்த சைகையும் சரியாகப் புரியவில்லை. கடைசியில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து ஃபார்க் இழுத்தார். இருவரும் பிழைத்தார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. சிலிண்டரில் காற்று அடைத்த கம்ப்ரசர், தன் என்ஜின் விட்ட புகையையே உள்ளே இழுத்திருக்கிறது. அவர்கள் சுவாசித்தது கார்பன் மோனாக்ஸைடு கலந்த காற்று.

இரண்டாவது கயிறு, செப்டம்பர் 1947. மனிதன் எவ்வளவு ஆழம் போக முடியும் என்று பார்க்க ஒரு தொடர் சோதனை. எடை கட்டிய கயிறு ஒன்றைக் கடலில் தொங்கவிட்டு, அதில் குறிப்பிட்ட ஆழங்களில் சிலேட்டுகள் கட்டியிருந்தார்கள். இறங்குபவர் தான் எட்டிய ஆழத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறை ஃபார்க் கீழே. சில நிமிடம் வரை ‘நலம்’ என்று கயிற்றில் சைகை வந்தது. பிறகு நின்றது. இழுத்துப் பார்த்தபோது மூச்சுக்குழல் வாயிலிருந்து நழுவியிருந்தது. மணிக்கணக்கில் முயன்றும் உயிர் வரவில்லை. 120 மீட்டரில் இருந்த சிலேட்டில் அவர் கையெழுத்து இருந்தது.

ஆழத்தில் நைட்ரஜன் சாராயம் மாதிரி போதை ஏற்றும். சந்தோஷமாக இருக்கும், பயம் போய்விடும், வாயில் இருப்பதைத் துப்பிவிடலாம் என்றுகூடத் தோன்றும். மேலே இருப்பவருக்கு அது தெரியாது. கயிறு இழுக்கும், ஆனால் பார்க்காது. கீழே இருப்பவன் கண் செருகுவதை, அவன் சிரிப்பு மாறுவதை, பக்கத்தில் ஒரு கை தூரத்தில் இருப்பவன் மட்டும்தான் பார்க்க முடியும்.

இதுதான் இந்தக் கதையின் திருப்பம்னு நான் நினைக்கிறேன். பக்கத்துல இருக்கிற நண்பன் கயிற்றுக்குப் பதிலா வந்தவன் மட்டும் இல்லை. சில விஷயத்துல கயிற்றைவிட மேல். ஏன்னா அவனுக்குக் கண் இருக்கு.

ஆடுகள் கொடுத்த கணக்கு

காற்று வந்தாச்சு. ஆனா எவ்வளவு நேரம் இருக்கலாம்? அதுக்கு நாம கொஞ்சம் பின்னாடி போகணும், லண்டனுக்கு.

ஆழத்தில் சுவாசிக்கும்போது அழுத்தத்தால் நைட்ரஜன் உடம்புக்குள் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, அது குமிழியாக வெளியே வரும். மூட்டு வலி, பக்கவாதம், மரணம் வரை போகலாம். நைட்ரஜன்தான் காரணம் என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி போல் பெர் 1878இல் வெளியிட்ட நூலில் காட்டிவிட்டார். எப்படித் தவிர்ப்பது என்பதற்கு ஒரு கணக்கு வேண்டியிருந்தது.

அந்தக் கணக்கைப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக, லிஸ்டர் நிறுவனத்தில் ஒரு பெரிய இரும்பு அறைக்குள் ஆடுகளை அடைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஆடு வலித்தால் சொல்லாது, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதுதான் குறிப்பு. இரண்டு மடங்கு அழுத்தத்திலிருந்து சாதாரண அழுத்தத்துக்குச் சட்டென்று வந்தாலும் ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டார். அப்படியானால் எவ்வளவு ஆழத்திலிருந்தும், அழுத்தம் பாதியாகும் வரை ஏறி, நின்று, மறுபடி ஏறலாம். படிப்படியாக ஏறும் முறை பிறந்தது. ஸ்காட்லாந்துக் கடலில் டாமன்ட், காட்டோ என்ற இரண்டு கடற்படை ஆட்கள் 210 அடி வரை இறங்கி அதைச் சோதித்தார்கள். 1908இல் அட்டவணை வெளியானது.

பின்னால் வந்த அமெரிக்கக் கடற்படை அட்டவணைகள் இந்த மரபில் வந்தவைதான். அதிலிருந்து பல தலைமுறை டைவர்கள் மனப்பாடம் செய்த ஒரு வரி: 60 அடி ஆழம், 60 நிமிடம். அதற்குள் கிளம்பினால் வழியில் நிற்காமல், மெதுவாக மேலே வரலாம். இன்றைக்குப் பொழுதுபோக்கு டைவர்கள் இதைவிடக் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையான எண்களைப் பின்பற்றுகிறார்கள். 1983இல் ‘எட்ஜ்’ போன்ற டைவ் கம்ப்யூட்டர்கள் சந்தைக்கு வந்த பிறகு, கணக்கைக் கையில் கட்டிய கருவியே நொடிக்கு நொடி போடுகிறது. உள்ளே ஓடும் கணக்கின் வேர் இன்னும் அந்த ஆடுகளிடம் இருக்கிறது.

கலிபோர்னியக் கரையில்

இப்போ அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வருவோம். போருக்குப் பிறகு ‘அக்வா லங்’ என்ற பெயரில் கூஸ்தோ, கான்யான் கருவி லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்கு வந்தது. காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் நுரையீரல் கிழியும் என்பதுகூட வாங்கியவர் பலருக்குத் தெரியாது.

வாங்கியவர்களில் இரண்டு மாணவ நண்பர்கள் இருந்தார்கள். கான்ராட் லிம்பா, ஆண்ட்ரியாஸ் ரெக்னிட்சர். இருவரும் பிறகு லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்குப் போனார்கள். அந்த நிறுவனம் கடற்கரையிலேயே இருக்கிறது. கரையிலிருந்தே இறங்கினார்கள், மணிக்கணக்கில் பார்த்தார்கள். 1950களின் தொடக்கத்தில், ஸ்கிரிப்ஸில் டைவ் செய்ய விரும்பும் விஞ்ஞானிகளுக்கு முறையான பயிற்சி ஒன்றை லிம்பா உருவாக்கினார். 1954இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம் ஆல் டில்மன், பெவ் மார்கன், ராம்சே பார்க்ஸ் என்ற மூன்று பேரை அவரிடம் அனுப்பியது. அவர்கள் திரும்பி வந்து பொதுமக்களுக்கான பயிற்சியை ஆரம்பித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் நடக்கும் ஸ்கூபா வகுப்புகளின் ஒரு முக்கியமான ஊற்று இது.

இந்த வகுப்புகள்லதான் அந்த விதி பலமா உட்கார்ந்தது: தனியாப் போகாதே. நீச்சல் முகாம்கள்ல குழந்தைகளை ஜோடி ஜோடியா விடற வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அதைக் கடலுக்குக் கொண்டு வந்தாங்க. ஆங்கிலத்துல ‘பட்டி’ன்னு சொல்றாங்க, நம்ம ஊர்ல ‘மச்சான்’னு கூப்பிடற அதே மாதிரிதான். இது அன்பு பற்றின அறிவுரை இல்லை, வேலைப் பட்டியல். இறங்கும் முன்னால ஒருத்தர் கருவியை மற்றவர் சரிபார்க்கணும். கை நீட்டினாத் தொடற தூரம் அல்லது ரெண்டு உதைப்பில் எட்டற தூரம். அடிக்கடி ‘நலமா’ன்னு சைகை. பெருவிரலை உயர்த்தினா ‘சூப்பர்’னு அர்த்தம் இல்லை, ‘மேலே போகலாம்’னு அர்த்தம். நண்பனைக் காணோம்னா ஒரு நிமிஷம் சுத்திப் பாரு, கிடைக்கலைன்னா மேலே வா, அவனும் வருவான்.

இன்னொண்ணு, அந்தக் காலத்து சிலிண்டர்ல மீதிக் காற்றைக் காட்டுற அளவுமானி பொதுவா இருக்காது. மூச்சு இழுக்கக் கஷ்டமாச்சுன்னா, பக்கவாட்டுக் கம்பியை இழுக்கணும், கொஞ்சம் சேமிப்புக் காற்று வரும். அதுவும் தீர்ந்தா நண்பன் வாயிலிருக்கிற குழலை எடுத்து உனக்குத் தருவான். நீ ரெண்டு மூச்சு, அவன் ரெண்டு மூச்சு, மாறி மாறி மேலே வரணும். நினைச்சுப் பாருங்க, தன் மூச்சைக் கழற்றி இன்னொருத்தன் கையில கொடுக்கிறது. நிதானமா கொடுக்கிறவனும் நிதானமா திருப்பித் தர்றவனும் வேணும். பிற்காலத்துல ஒவ்வொருத்தரும் நண்பனுக்குன்னு ரெண்டாவதா ஒரு ரெகுலேட்டரையே கூடக் கொண்டு போற வழக்கம் வந்துருச்சு. பெரும்பாலும் பளிச்சுன்னு மஞ்சள் நிறத்துல இருக்கும். அது உனக்காக இல்லை, அவனுக்காக.

போர்-மியூ, மார்ச் 1960

லிம்பா ஒரு ஆராய்ச்சியாளர். அவர் கடலுக்கடியில் பொறுமையாகப் பார்த்துச் சேர்த்த விஷயம் ஒன்று: சில சின்ன மீன்களும் இறால்களும் பெரிய மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்கின்றன. பெரிய மீன் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்கும். சின்னது உள்ளே போய் ஒட்டுண்ணிகளைத் தின்னும். விழுங்குவதில்லை. ஒருவரை ஒருவர் நம்பி நிற்கும் உறவு. இதையெல்லாம் ஐந்து நிமிட முங்கலில் பார்க்க முடியாது. நீண்ட நேரம் அசையாமல் இருக்க வேண்டும்.

மார்ச் 1960இல் அவர் பிரான்சுக்குப் போனார். மார்செய் பக்கத்தில் காசிஸ் என்ற ஊரருகே, போர்-மியூ என்ற இடத்தில், பாறைக்குள் ஓடிவரும் ஒரு நதி கடலுக்கு அடியில் வந்து கலக்கிறது. அந்தக் குகைக்குள் ஒரு பிரெஞ்சு நண்பரோடு இறங்கினார். இருட்டில், கிளை கிளையாகப் பிரியும் குகையில், இருவரும் பிரிந்துவிட்டார்கள். நண்பர் வெளியே வந்தார். லிம்பா வரவில்லை. 35 வயதுதான். கூஸ்தோ முதல் முறை கரையிலிருந்து நடந்து இறங்கிய பந்தோல், அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

மீன் சுத்தம் செய்யும் உறவைப் பற்றிய அவருடைய கட்டுரை அடுத்த வருஷம், 1961இல், ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வந்தது. ஒருவரை ஒருவர் நம்பும் உயிர்கள் பற்றிய அந்தக் கட்டுரை அச்சில் வந்தபோது எழுதியவர் இல்லை.

அமெரிக்காவுக்கு ஜோடியாக இறங்கச் சொல்லிக்கொடுத்தவர், ஜோடியை இழந்த இடத்தில் இறந்தார். இதை விதியின் விளையாட்டுன்னு சொல்லிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை. இதில் ஒரு தெளிவான பாடம் இருக்கு. திறந்த கடலில் நண்பனைக் காணோம்னா மேலே போனாப் போதும், தலைக்கு மேல வானம் இருக்கு. குகையில் தலைக்கு மேல பாறை. அங்கே கண் மட்டும் போதாது, வெளிவாசல் வரைக்கும் நிஜமான கயிறு வேணும். இன்னைக்குக் குகை டைவர்கள் வாசலிலிருந்து நூல் கட்டாம உள்ளே போறதில்லை. அதாவது பழைய கயிறு செத்துப் போகல. எங்கே நண்பனால முடியாதோ, அங்கே அது திரும்பி வந்துருச்சு.

ஒரு மணி நேரத்தின் கணக்கு

சரி, ஆரம்பத்துல பார்த்த ரெண்டு பேரிடம் போவோம். அவங்க எவ்வளவு நேரம் இருக்க முடியும்? கணக்கு சுலபம்.

12 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம்னா உள்ளே 2400 லிட்டர் காற்று. அவசரத்துக்கு 50 பார் விட்டுவைக்கணும், ஆக 1800 லிட்டர். நிதானமா மூச்சு விடறவர் கரையில் நிமிஷத்துக்கு 15 லிட்டர் செலவழிக்கிறார்னு வச்சுக்கலாம். 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு, செலவும் ரெண்டு மடங்கு, 30 லிட்டர். 60 நிமிஷம் வரும். 6 மீட்டர்லேயே இருந்தா 24 லிட்டர், 75 நிமிஷம். பதற்றப்படறவர் 25 லிட்டர் இழுத்தா, 10 மீட்டர்ல 36 நிமிஷத்துல முடிஞ்சுரும்.

இந்த ஆழத்துல நைட்ரஜன் கணக்கு பெரும்பாலும் தடையா வராது, காற்றுதான் முதல்ல தீரும். அதனாலதான் கரையிலிருந்து போற டைவ் நீளமா இருக்க முடியுது. ஆனா யாருடைய காற்று? ரெண்டு பேரும் சேர்ந்துதான் திரும்பணும். ஆக, நேரத்தைத் தீர்மானிக்கிறது எப்பவும் அதிகம் செலவழிக்கிறவரின் சிலிண்டர். உன் மானியில் பாதி மீதி இருந்தாலும், நண்பன் விரலை உயர்த்தினா டைவ் முடிஞ்சுது. ஏன்னு கேட்கக் கூடாது, கோவிச்சுக்கவும் கூடாது. நீண்ட நேரம் இருக்கணும்னா நீ மட்டும் அமைதியா இருந்தாப் போதாது, பக்கத்துல இருக்கிறவனை அமைதியா வச்சுக்கணும்.

கரீபியன் கடல்ல போனேர்னு ஒரு தீவு. அங்கே சாலை ஓரத்துல மஞ்சள் வண்ணம் அடிச்ச கற்கள் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர். அந்தக் கல் இருந்தா அங்கே இறங்கலாம்னு அர்த்தம். ஆட்கள் வண்டியின் பின்னால சிலிண்டரைப் போட்டுக்கிட்டு, கல் பார்த்து நிறுத்தி, ரெண்டு ரெண்டு பேரா கடலுக்குள்ள நடந்து போறாங்க. பந்தோல்ல ஒரு குடும்பமும் நண்பர்களும் போர்க்காலத்துல செஞ்சது, அங்கே தினசரி வழக்கம்.

கடைசியா ஒரு விஷயம்

இவ்வளவு அறிவும், ஆட்டுக் கணக்கும் அட்டவணையும் ஜோடி விதியும், எல்லாருக்கும் சமமாப் போய்ச் சேரலை. மன்னார் வளைகுடாவுல சங்கு குளிக்கிற தொழிலாளர்கள் பலர், படகுல ஓடுற கம்ப்ரசர்ல இருந்து ஒரு நீளக் குழாய் வழியா காற்று வாங்கிக்கிட்டு வேலை செய்யறாங்க. குழாய் இருக்கிறவரை காற்று தீராது. அதுதான் ஆபத்து. பொழுதுபோக்குக்குப் போறவரைச் சிலிண்டர் மேலே அனுப்பிடும். கூலிக்குப் போறவரை மேலே அனுப்ப எதுவும் இல்லை, எவ்வளவு சங்கோ அவ்வளவு காசு. என்ஜின் புகை கம்ப்ரசருக்குள்ள போனா என்ன ஆகும்னு வொக்லூஸ்ல 1946லேயே உலகம் பார்த்தாச்சு.

மச்சான் கையில கயிறு கொடுத்த நம்ம ஆட்கள் ஒரு விஷயத்தைச் சரியாப் பிடிச்சிருந்தாங்க. யாராவது ஒருத்தன் நம்மளையே பார்த்துக்கிட்டிருக்கணும், நேரமாச்சுன்னா இழுக்கணும். கருவி எவ்வளவோ மாறிருச்சு. அந்த வேலை மட்டும் இன்னும் மனுஷன் கையிலதான் இருக்கு.

இந்தத் தொழில்ல இருக்கிறவங்க, அவங்க குடும்பத்தினர் யாராவது இதைக் கேட்டா அல்லது படிச்சா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த அத்தியாயத்துல சந்திப்போம்.